தொண்ணூற்று ஒன்றாவது அத்தியாயம்

திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்:

"'பொன்னியின் செல்வன்' படம் ரெண்டு பாகத்தையும் நாலஞ்சு தடவை பார்த்துட்டேன் ஐயா. வந்தியத்தேவனைக் கண்ணைக் கட்டிக் கூட்டிட்டு வந்து குந்தவை ஆத்துத் திட்டுல பேசுற காட்சிக்காகவே ரெண்டாம் பாகத்தைத் திரும்பத் திரும்பப் போடுறேன். அந்தக் காதலை முழுசாப் படிக்கணும்னு நாவலை வாங்கினேன். நாற்பது பக்கம் தாண்ட முடியலை. குந்தவையைக் காணவே காணோம். கதைதான் தெரிஞ்சுபோச்சே, இனிமே படிச்சா சுவை இருக்குமா? படத்துல இருந்த காதல் புத்தகத்துல இருக்கா?"

இருக்கிறதம்மா. படத்தில் பார்த்ததைவிட நிதானமாக, சிரிப்பும் பேச்சுமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடிப் போகிற காதலைவிட, போகிற வழியில் எதிர்ப்படப் போகிற இன்னொரு காதல்தான் இந்தப் புத்தகத்தில் பெரியது. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு பெண் இருப்பதே தெரியாது. அவளிடம் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் நாற்பது பக்கம்.

முப்பது வருஷத்துக்கு மேல் மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். படம் பார்த்துவிட்டு இந்த நாவலைக் கையில் எடுத்த பலரைத் தெரியும். எல்லோரும் ஏறக்குறைய நீங்கள் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள். படத்தில் குந்தவையின் அண்ணன் ஆதித்த கரிகாலன் வந்தியத்தேவனைக் கூப்பிட்டு, இன்னின்ன வேலை என்று சொல்லி அனுப்புவதை நாம் பார்த்துவிடுகிறோம். அதனால் அவன் குதிரை ஏறியதுமே நமக்கும் அவசரம் வந்துவிடுகிறது. நாவல் அப்படித் தொடங்குவதில்லை. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு வாலிபன் தனியாகக் குதிரையில் வருகிறான். யாருடைய ஆள், எதற்காகப் போகிறான் என்பதெல்லாம் பிறகுதான். ஏரிக்கு 74 கணவாய்கள் என்று கேள்விப்பட்டவன், கரையோடு எண்ணிக்கொண்டே போகிறான். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் கண்மாய்க் கரையில் மடை எண்ணிக்கொண்டு போகிற பையன். கரையெல்லாம் சனக்கூட்டம், புதுத்துணி, பூ, கட்டுச்சோறு. அவனுக்குப் போகிற வேலை ஒருபுறம், வேடிக்கை ஒருபுறம். இந்த வேடிக்கைதான் வந்தியத்தேவன். படத்தில் கார்த்தியின் கண்ணில் தெரிந்ததே ஒரு குறும்பு, அதைக் கல்கி அந்த ஏரிக்கரையில் வைத்துத்தான் உண்டாக்குகிறார். அவசரப்பட்டுப் புரட்டினால் அது கைக்கு வராது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இது ஒரே மூச்சில் படிக்க எழுதியது இல்லை. 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை வருஷம் வாரா வாரம் வந்தது. மொத்தம் 293 அத்தியாயம். அதை முடித்து ஏழு மாதம் ஆவதற்குள், அந்த டிசம்பரிலேயே கல்கி காலமாகிவிட்டார். வாரம் ஒரு தடவை ஒரு வீட்டுக்கு வந்து போகிற சொந்தக்காரர் மாதிரி எழுதியிருக்கிறார். நடுவில் நிறுத்தி "வாசகர்களே" என்று நம்மிடம் பேசுவார், போன வாரம் விட்ட இடத்தை எடுத்துக் கொடுப்பார். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். அந்தக் கணக்கில் போனால் அவருடைய நடை உங்கள் நடையாகிவிடும்.

குந்தவைக்கு வருகிறேன். பத்து அத்தியாயம் பொறுத்தீர்களானால் குடந்தை சோதிடர் வீடு வரும். வாசலில் காவலுக்கு நின்றவனோடு மல்லுக்கட்டி, தடதடவென்று உள்ளே வந்து விழுகிறான் வந்தியத்தேவன். உள்ளே இரண்டு பெண்கள். ஒருத்தி குந்தவை, இன்னொருத்தி அவள் தோழி வானதி. குந்தவை யாரென்று அவனுக்குத் தெரியாது. வார்த்தை குழறிப்போகிறது. அவ்வளவுதான், அவள் போய்விடுகிறாள்.

அடுத்து 'ஆற்றங்கரை முதலை' என்று ஓர் அத்தியாயம். அரிசிலாற்றங்கரையில் அதே பெண்கள். பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு முதலை. நம் ஆள் பதறிப்போய்க் குறிபார்த்து வேலை எறிகிறான். வேல் முதலையின் உடம்பில் குத்திக்கொண்டு நிற்கிறது; முதலை அசையவில்லை. பெண்கள் கலகலவென்று சிரிக்கிறார்கள். அது செத்த முதலை. பயந்த சுபாவக்காரியான வானதிக்குத் தைரியம் வருகிறதா என்று பார்க்க, பதம் செய்து கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். காப்பாற்ற வந்த வீரன், செத்த முதலையைக் குத்திவிட்டு, பெண்கள் நடுவே முழித்துக்கொண்டு நிற்கிறான். கல்கி இந்தக் காதலைத் தொடங்கி வைக்கிற இடம் இது. அவன் வீரத்தைப் பார்த்து மயங்கியவள் இல்லை குந்தவை. அவன் அசடு வழிந்து நிற்கும்போதுதான் முதன்முதலாக அவனை நிதானமாகப் பார்க்கிறாள். பின்னால் பழையாறையில் ஓலையோடு வந்து நிற்கும்போதுதான், தேடி வந்த இளைய பிராட்டி என்கிற குந்தவையும் தன்னைத் தூங்கவிடாத முகமும் ஒன்றே என்று அவனுக்குப் புலப்படுகிறது.

நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஆற்றுத் திட்டுக் காட்சி எனக்கும் பிடிக்கும். 'அகநக' பாட்டு எங்கேயாவது ஒலித்தால் இந்த வயதிலும் நின்று கேட்கிறேன். படத்தில் அந்த இருவரும் பார்வையால் பேசுகிறார்கள். பார்வைக்கு எத்தனை அர்த்தம் வேண்டுமானாலும் நாமே வைத்துக்கொள்ளலாம். நாவலில் வாயால் பேசுகிறார்கள். அவள் ராஜகுமாரி, உத்தரவு போட்டுப் பழகியவள். சோழநாட்டை விட்டு வேறெங்கும் போய் வாழ மாட்டேன் என்று இருப்பவள். அவனோ வாணர் குலத்துப் பிள்ளை, குலப்பெருமை இருக்கிறது, கையில் காணி நிலம் இல்லை. ராஜாங்க காரியம் பேசுகிற பாவனையில் ஒருவர் மனதை ஒருவர் தொட்டுப் பார்க்கிறார்கள். கேலி, கோபம், பணிவு, நடுவில் ஒரு வார்த்தை தவறி வெளியே விழும். இரண்டு பேருமே அது விழவில்லை என்பது போல நடந்துகொள்வார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் தமக்கை குந்தவைப் பிராட்டியை 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு பேச்சையும் கல்கி கேட்டு எழுதியிருக்கிறார்.

மதுரைக்காரனாக எனக்கு இந்த நாவல் முதலில் பிடிகொடுத்தது சோழநாட்டில் இல்லை, வைகைக் கரையில். நந்தினியைப் படத்தில் பழுவூர் மாளிகையில், நகையும் பட்டுமாகத்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள். நாவலில் அவள் நம் ஊர்ப் பிள்ளை. பாண்டிய நாட்டில் வைகைக் கரையில், நந்தவனத்தில் கண்டெடுத்து ஆழ்வார்க்கடியான் வீட்டில் வளர்த்த குழந்தை. ஆழ்வார் பாசுரம் பாடி வளர்ந்தவள்; இன்னொரு ஆண்டாளாக வருவாள் என்று அந்த வீரவைஷ்ணவன் ஆசைப்பட்ட தங்கை. பழுவூர் ராணியானபிறகும் ஆண்டாள் கொண்டைதான் போடுவாள். இது தெரிந்தபிறகு அவளுடைய பழிவாங்கல் வேறு மாதிரித் தெரியும்.

பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையைக் கொண்டவன் என்று ஆதித்த கரிகாலனைச் சரித்திரம் பெருமையாகச் சொல்கிறது. அந்தத் தலை விழுந்த குடிசைக்குள் நடந்ததைக் கல்கி நேரே காட்டாமல், கரிகாலன் தன் வாயாலேயே நண்பன் பார்த்திபேந்திரனிடம் சொல்லும்படி வைக்கிறார். உயிருக்குப் போராடிக் கிடக்கிற ஒருவன், அவன் உயிரைக் காப்பாற்றச் சொல்லி கரிகாலனைக் கும்பிடுகிற பெண், அவள் ஒரு காலத்தில் இவன் மனதைக் கொடுத்த நந்தினி. விக்ரம் இதை முகத்தில் கொண்டுவந்தது சாதாரண காரியம் இல்லை. ஆனால் புத்தகத்தில் அவன் அதை ஒரு தடவை சொல்லி முடிப்பதில்லை. நிறுத்துவான், பேச்சை மாற்றுவான், திரும்ப அங்கேயே வந்து நிற்பான். கொன்றவனுக்கே அந்தக் குடிசையிலிருந்து வெளியே வர முடியவில்லை. வீரபாண்டியன் அவளுக்கு யார் என்ற கேள்வியை வைத்துக் கல்கி நம்மைப் பல நூறு பக்கம் அலைக்கழிப்பார். அதற்குப் படம் பார்த்த அறிவு அவ்வளவாக உதவாது.

நந்தினி கல்கியின் கற்பனை. ஆனால் சதிகாரர்கள் கற்பனை இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டில் 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' என்று சொல்லி, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பேர் பேராக வெட்டியிருக்கிறது. ரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரமாதிராசன்' என்று பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். கல்லில் இருந்தது அவ்வளவுதான். ஏன் கொன்றார்கள் என்று கல் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார் கல்கி.

படகோட்டும் பெண் பூங்குழலியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. "அலைகடலும் ஓய்ந்திருக்க அகக்கடல்தான் பொங்குவதேன்" என்று கோடிக்கரையில் படகிலிருந்து அவள் பாடுவதைப் படிக்கும்போது, படத்து மெட்டை ஓரமாக வைத்துவிட்டு மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள். அவள் கதை நாவலில் போய்ச் சேருகிற இடம் படத்தில் பார்த்தது இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஒளிந்திருந்து கேட்பது இந்த நாவலில் மிக அதிகம். திரைக்குப் பின்னால், மரத்து மேலே, சுரங்கப் பாதையில், பாழும் மண்டபத்தில் யாராவது ஒருவர் எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். பார்க்க வேண்டியவர்கள் சரியாக அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் வந்து சேர்வார்கள். வாரா வாரம் படித்தவர்களுக்கு அது உறுத்தியிருக்காது. சேர்த்துப் படிக்கிற உங்களுக்கு மூன்றாம் பாகத்தில் கொஞ்சம் அலுப்புத் தட்டும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். நான் சொல்ல வந்த பெண் அதற்கு அப்புறம்தான் முழுசாக வெளியே வருகிறாள்.

அவள் பேர் மணிமேகலை. கடம்பூர் சம்புவரையர் மகள், கந்தமாறனின் தங்கை. படத்தில் கடம்பூர் உண்டு, சம்புவரையர் உண்டு, கந்தமாறன் உண்டு; அந்த வீட்டுப் பெண் மட்டும் இல்லை. நீங்கள் நிறுத்திய நாற்பது பக்கத்தை ஒட்டியே அவளைப் பற்றிப் பேச்சு வரும், திருப்பிப் பாருங்கள். கந்தமாறன் முன்பு தன் தங்கையைப் பற்றி வந்தியத்தேவனிடம் ஆசை காட்டியிருக்கிறான். இப்போது வீட்டுக்கு வந்த நண்பனிடம், அதை மறந்துவிடு, அவளுக்குப் பெரிய இடத்தில் பார்த்திருக்கிறோம் என்கிறான். வந்தியத்தேவனும் சரி என்று துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். படிக்கிற நாமும் மறந்துவிடுகிறோம்.

மறக்காதவள் ஒருத்தி இருக்கிறாள். அண்ணன் இவளிடமும் நண்பனின் அருமை பெருமையை ஓயாமல் சொல்லியிருக்கிறான். முகம் பார்க்காமலேயே மனதில் குடிவைத்துவிட்டாள். அண்ணன் மனம் மாறியது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வெகுநாள் கழித்து வேட்டை மண்டபத்தில், பதம் செய்து வைத்த செத்த விலங்குகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிற வந்தியத்தேவனின் முகம் கண்ணாடியில் அவளுக்குத் தெரிகிறது. எத்தனையோ தடவை கனவில் பார்த்த முகம்தானே, இதுவும் மனப்பிரமை என்றே நினைக்கிறாள். நிஜமாக வந்து நிற்பவனை நம்ப அவளுக்கு நேரம் பிடிக்கிறது. இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒருவனை வருஷக்கணக்காகக் கண்ணுக்குள் வைத்திருந்தவளுக்கு அவன் எதிரே வந்தால் இப்படித்தான் இருக்கும். "கனவுதானோடி சகியே, நினைவுதானோடி" என்று வருகிற அவள் பாட்டைப் படிக்கும்போது இந்தக் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவன் மனதில் குந்தவை. இவளுக்கு அதில் இடம் இல்லை. கல்கி இவளை வைத்துச் சூழ்ச்சி செய்யவில்லை, பொறாமைக்காரியாக்கவில்லை. கள்ளம் தெரியாத பெண்ணாக வந்து, சூழ்ச்சிக்காரர்கள் நடுவில் அகப்பட்டு, அவனுக்காக அவள் செய்யத் துணிகிற காரியம் குந்தவை செய்ததைவிடவும் பெரிது. அது என்ன என்று சொன்னால் உங்களுக்கு மிச்சமிருக்கிற ஒரே புதையலையும் நான் தோண்டி எடுத்துவிட்டவனாவேன். படம் எடுத்தவர்களை இதற்காகக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. 293 அத்தியாயத்தை ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வேண்டும். கதையை முன்னால் தள்ளாத ஒருத்தியைத்தான் முதலில் இறக்கிவிடத் தோன்றும். ஆனால் கல்கி கடைசி அத்தியாயத்தை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? அருள்மொழிக்கு இல்லை, குந்தவைக்கு இல்லை. இவளுக்கு.

இதை நானே வெகுகாலம் தெரிந்துகொள்ளாமல் இருந்தவன். எங்கள் வீடு செல்லூரில். தறிக்காரக் குடும்பம். 'கல்கி' முதலில் வந்த காலத்திலேயே அத்தை, அப்பாவின் தங்கை, தொடர் வந்த தாள்களைப் பிரித்துச் சேர்த்து வைத்தார். எட்டாவது வரை படித்தவர் வீட்டில் அவர் ஒருவர்தான். ராத்திரி விளக்கு வைத்ததும் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து அவர் வாசிக்க, எழுத்துத் தெரியாத அப்பத்தாவும் அக்கம்பக்கத்தாரும் கேட்பார்களாம். வைகைக் குடிசைக் கட்டம் வந்த அன்றைக்கு அப்பத்தா, "நம்ம வையைக் கரையில நடந்த அநியாயத்தை அவனே வாய்விட்டுச் சொல்றான் பாரு" என்று எழுந்து போய்விட்டாராம். தாள்களைப் பாகம் பாகமாக அடுக்கி, பாவு நூலால் தைத்து, சேலைப்பெட்டி அட்டையை மைதாப் பசை போட்டு ஒட்டி, ஐந்து புத்தகமாக்கியிருந்தார் அத்தை. ஓரமெல்லாம் பழுப்பேறி, திருப்பினால் உதிரும். அதில்தான் நான் படித்தேன். ஐந்தாவது கட்டு 90ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. தலைப்பு 'பொன்மழை பொழிந்தது'. முடிவுக்கு அதைவிட மங்கலமான தலைப்பு வேண்டுமா? கதை நிறைந்தது என்றே வைத்துக்கொண்டேன்.

கல்கியின் எழுத்துகளை அரசு நாட்டுடைமையாக்கிய பிறகு பலரும் பதிப்பிக்கத் தொடங்கினார்கள். நான் வேலை பார்த்த அச்சகத்துக்கும் ஒரு பதிப்பு வந்தது. ஐந்தாம் பாகத்து மெய்ப்பு என் மேசையில். 90ஐ முடித்துக் கையெழுத்துப் போட்டேன், கீழே இன்னொரு கற்றைத் தாள். 91. அச்சுக்கோத்தவர் வேறு எதையோ சேர்த்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிழை பார்க்க உட்கார்ந்தவன் ஒரு பிழைகூடக் குறிக்காமல் கடைசிவரை படித்தேன். பிறகு மறுபடி முதலிலிருந்து பிழை பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானுக்குப் போய் அத்தையிடம் கேட்டேன். 1955இல் கல்யாணமாகி அங்கே போனவர். ஒன்றும் பேசாமல் தகரப்பெட்டியைத் திறந்து, பட்டுச்சேலைக்கு அடியிலிருந்து நாலாக மடித்த தாள்களை எடுத்தார். தையல் ஓட்டை இல்லாத தாள்கள். கட்டும்போதே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

"கதையெல்லாம் உங்க வீட்டுக்குத்தாண்டா விட்டுட்டு வந்தேன். இது மட்டும் எனக்கு" என்றார். மேலே நான் கேட்கவில்லை.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். நாட்டுடைமை ஆனதால் கடையில் பல பதிப்பு கிடைக்கும், விலையும் பல விதம். மணியம் ஓவியங்களோடு உள்ளது கிடைத்தால் அதை வாங்குங்கள். வந்தியத்தேவன் கொண்டையும் நந்தினி கண்ணும் தமிழ்நாட்டு மனதில் பதிந்தது அவர் தூரிகையால்தான். சுருக்கப் பதிப்புகளும் உலவுகின்றன, அவை வேண்டாம். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் விசாரிக்கலாம். தமுக்கத்தில் புத்தகக் காட்சி போடும்போது ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். செல்போனில் படிப்பதாக இருந்தால் நம் ஊர்ப் பெயரிலேயே 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம் மின்னூலகத்தில் இலவசமாக இருக்கிறது. நீங்கள் ஏற்கனவே வாங்கியதே முழுப்பதிப்புதானா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். முதல் பாகத்தில் 57 அத்தியாயம், இரண்டில் 53, மூன்றிலும் நான்கிலும் 46. ஐந்தாம் பாகத்துக்கு வரும்போது பொருளடக்கத்தைத் திறக்காதீர்கள். நேரே கடைசி அத்தியாயத்துக்குப் போய், தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு எண்ணை மட்டும் பாருங்கள். 91 என்று இருக்க வேண்டும்.